பெங்களூரு கல்லில் 58 ஆயிரம் பெயர்கள்!

உங்க பர்த்டே செப்டம்பர் 14-ஆ? அப்படின்னா 1969-ல் நீங்க அமெரிக்காவில் இருந்திருக்கக் கூடாது பாஸ்!

அந்த வருஷம் டிசம்பர் 1-ம் தேதி ராத்திரி வாஷிங்டனில் ஒரு குலுக்கல் நடந்தது. கண்ணாடி ஜாடிக்குள் 366 நீல நிற பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் ஒரு தேதி. டி.வி.யில் நேரடி ஒளிபரப்பு. முதலில் வெளியே வந்த தேதி, செப்டம்பர் 14. 1944 முதல் 1950 வரை எந்த வருடத்தில் பிறந்திருந்தாலும் சரி, பிறந்த நாள் அதுவாக இருந்தால் ராணுவ அழைப்பில் நீங்கள்தான் முதல் ஆள். முதல் நம்பர் விழுந்தும் யாருமே சந்தோஷப்படாத குலுக்கல் அது!

காலேஜில் முழுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தால் அப்போது விலக்கு உண்டு. படிப்பு பாதியில் நின்றால் விலக்கும் போச்சு. நமக்கு அரியர் விழுந்தால் வீட்டில் அர்ச்சனை. அவர்களுக்குக் கையில் துப்பாக்கி வரலாம்.

கட்டாயமாகப் போனவர்களும் தாமாகவே சேர்ந்தவர்களுமாக வியட்நாம் மண்ணில் கால்வைத்த அமெரிக்கர்கள் சுமார் 27 லட்சம் பேர். அவர்களில் உயிரோடு திரும்பாதவர்களின் பெயர்கள் வாஷிங்டனில் ஒரே சுவரில் இருக்கின்றன. இப்போ அங்கேதான் போகப் போறோம். செத்தவர்களுக்காக எழுப்பிய சுவர்தான். ஆனா, எழுப்பணும்னு கிளம்பினவர் தப்பித்து வந்த ஒரு சிப்பாய். தப்பித்து வந்தவருக்கு அது ஏன் தேவைப்பட்டது? அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் இந்த இடம் புரியும்.

தரைக்குள் இறங்கும் சுவர்

லிங்கன் நினைவிடத்திலிருந்து பொடிநடையாக வந்துவிடலாம். தூரத்திலிருந்து பார்த்தால் புல்வெளி மட்டும்தான் தெரியும். கிட்டே போனால், பாதை மெல்லக் கீழே சரிகிறது. பக்கத்தில் ஒரு கறுப்புச் சுவர் ஆரம்பிக்கிறது. முதலில் உங்க கணுக்கால் உயரம். நடக்க நடக்க முழங்கால், இடுப்பு, தோள்... நடு இடத்துக்கு வரும்போது பத்து அடி உயரத்தில் நிமிர்ந்து நிற்கிறது. சுமார் 75 மீட்டர் நீளத்துக்கு இரண்டு சிறகுகள். ஒன்று லிங்கன் நினைவிடத்தை நோக்கி, இன்னொன்று வாஷிங்டன் நினைவுத்தூணை நோக்கி.

அந்தக் கல் எங்கே கிடைச்சதுன்னு நினைக்கறீங்க? பெங்களூரு பக்கம்! நம்ம ஊரில் அடுப்பு மேடைக்கும் வாசற்படிக்கும் போடுகிற அதே கறுப்பு கிரானைட் ஜாதி. கனடாவிலும் ஸ்வீடனிலும்கூட நல்ல கல் உண்டு. ஆனால், போருக்குப் போக மறுத்த இளைஞர்கள் பலர் தஞ்சம் புகுந்த நாடுகள் அவை என்பதால் வேண்டாம் என்று விட்டார்களாம். இங்கிருந்து போன கல்லை வெர்மான்ட் மாநிலத்தில் அறுத்து, டென்னஸியில் பெயர் பொறித்தார்கள்.

கண்ணாடி மாதிரி பாலிஷ். பெயரைப் படிக்கக் குனிந்தால், அந்த எழுத்துகளுக்கு நடுவே உங்க முகம் தெரியும்.

கிச்சனில் கழிந்த ராத்திரி

அந்தச் சிப்பாயின் பெயர் யான் ஸ்க்ரக்ஸ். 19 வயதில் வியட்நாமில் இருந்தவர். 1969 மே மாதம் குண்டுச் சிதறல் பாய்ந்து ஆஸ்பத்திரி. குணமானதும் மறுபடி களத்துக்கே அனுப்பினார்கள். 1970 ஜனவரியில் வெடிமருந்து இறக்கும்போது நடந்த விபத்தில், அவரோடு இருந்தவர்களில் 12 பேர் செத்துப்போனார்கள்.

அவர் ஊர் திரும்பினார். காலேஜில் சேர்ந்தார். மனநல ஆலோசனை பற்றிப் படித்தார். தன்னைப் போன்ற வீரர்களின் மனதுக்குள் என்ன நடக்கிறது என்பதையே ஆய்வாக எடுத்துக்கொண்டார். அந்த நோய்க்கு அப்போது முறையான பெயர்கூடக் கிடையாது. பி.டி.எஸ்.டி. என்று இன்று சொல்கிறோமே, அது அமெரிக்க மனநல மருத்துவர்களின் அதிகாரபூர்வ நோய்ப் பட்டியலில் ஏறியதே 1980-ல்தான்.

1979 மார்ச்சில் அவர் 'தி டீர் ஹன்ட்டர்' படம் பார்த்தார். வியட்நாம் போய் வந்தவர்களின் கதை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கிச்சனில் தனியாக உட்கார்ந்திருந்தவர் கண்முன் அந்த 12 பேரும் வந்து போனார்கள். விடிந்ததும் மனைவியிடம் சொன்னார்... செத்த ஒவ்வொருவர் பெயரையும் எழுதி ஒரு நினைவிடம் கட்டப் போகிறேன் என்று.

கையிலிருந்த 2,800 டாலரைப் போட்டு ஆரம்பித்தார். முதலில் பொதுமக்களிடமிருந்து வந்த நன்கொடை மொத்தம் 144 டாலர் 50 சென்ட்! டி.வி.யில் இதைக் கிண்டலே அடித்தார்கள். அவர் விடவில்லை. சக வீரர்கள் சேர்ந்தார்கள். கடைசியில் சேர்ந்தது 84 லட்சம் டாலர். அரசாங்கம் கொடுத்தது இடம் மட்டும்தான்.

டைனிங் ஹாலில் பிறந்த டிசைன்

டிசைனுக்குப் போட்டி வைத்தார்கள். வந்து குவிந்தவை 1,421. பெயர் தெரியாமல் நம்பர் மட்டும் போட்டு நடுவர்களிடம் வைத்தார்கள். 1981 மே மாதம் ஜெயித்தது, 1026-ம் நம்பர். யாருன்னு பார்த்தா, யேல் யுனிவர்சிட்டி மாணவி மாயா லின். வயசு 21!

வகுப்புக்கான வேலையாகத்தான் அதை ஆரம்பித்தார். டைனிங் ஹாலில் மசித்த உருளைக்கிழங்கைக் குவித்து முதல் மாடலைச் செய்து பார்த்தாராம். அந்த வகுப்பில் அவருக்குக் கிடைத்த கிரேடு 'பி'! இன்டர்னலில் மார்க் குறைந்த மக்களே, மனசைத் தேத்திக்குங்க.

ஆனால், எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. கறுப்புக் கல்லா? தரைக்குக் கீழேயா? இது எங்களுக்கு அவமானம் என்று முன்னாள் வீரர்கள் சிலரே கொதித்தார்கள். சீன வம்சாவளிப் பெண் என்பதையும் சிலர் குத்திக் காட்டினார்கள். சமாதானமாக, மூன்று சிப்பாய்களின் வெண்கலச் சிலை 1984-ல் பக்கத்தில் வைக்கப்பட்டது. சுவர் மட்டும் மாயா லின் நினைத்தபடியே நின்றது. 1982 நவம்பர் 13 அன்று திறப்பு விழா.

பெயர் அல்ல, தேதி!

மாயா லின் கடைசிவரை விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு. அகரவரிசை கூடாது. செத்த தேதி வரிசையில்தான் பெயர்கள் வரவேண்டும்.

இது ஏன் பெரிய விஷயம்? ஸ்மித் என்று மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் அந்தச் சுவரில். அகரவரிசையில் போட்டால் அது டெலிபோன் டைரக்டரி! காரணம் இதோடு முடியவில்லை.

இரண்டாம் உலகப்போரில் சண்டை போட்டவர்கள் கப்பலில் கூட்டமாகத் திரும்பினார்கள். வாரக்கணக்கில் பயணம். சிரிக்க, அழ, புலம்ப பக்கத்தில் ஆள் இருந்தது. வியட்நாமில் அப்படியில்லை. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக 12 மாதக் கணக்கு, மரைன் படை என்றால் 13 மாதம். தன் கணக்கு முடிந்த நாளில் விமானம் ஏறவேண்டியதுதான். முந்தாநாள் காட்டில் பதுங்கியிருந்தவர், இன்று அம்மா போட்ட டிபனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். கூட இருந்தவர்கள் அங்கே. தான் இங்கே. யாரிடம் போய்ப் பேசுவது?

தேதி வரிசை அந்தக் கூட்டாளிகளைத் திரும்பக் கொடுத்தது. ஒரே நாளில் செத்தவர்கள் கல்லிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஒரு பழைய சிப்பாய் அங்கே வந்தால் பெயரைத் தேடுவதில்லை, தன் வருஷத்தைத் தேடுகிறார். அதைக் கண்டுபிடித்துவிட்டால், அவருடைய ஆட்கள் எல்லோரும் அங்கே இருப்பார்கள். 1970 ஜனவரிக்குப் போனால் ஸ்க்ரக்ஸின் 12 பேரும் ஒன்றாக.

இன்னொன்று கவனியுங்க. 1959-ல் ஆரம்பிக்கும் வரிசை சுவரின் நடுவிலிருந்து வலப்பக்கமாக ஓடி, 1968 மே மாதத்தோடு அந்த முனையில் முடிகிறது. பிறகு இடது முனையில் தொடர்ந்து, 1975-ல் மறுபடி நடுவுக்கே வந்து சேர்கிறது. முதலும் கடைசியும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மாயா லின் பிறந்த வருஷமும் 1959-தான்!

பர்ஸில் 22 வருடம்

சுவரடியில் ஜனங்கள் எதையாவது வைத்துவிட்டுப் போகிறார்கள். பூட்ஸ், பீர் கேன், கடிதம், ஒரு முறை முழு ஹார்லி டேவிட்சன் பைக்! எல்லாவற்றையும் தேசியப் பூங்காத் துறை எடுத்துப் பத்திரப்படுத்துகிறது. இதுவரை நான்கு லட்சத்துக்கும் மேல்.

1989-ல் அப்படி வந்தது ஒரு சின்ன போட்டோ. யூனிஃபார்மில் ஒரு வட வியட்நாம் சிப்பாய், பக்கத்தில் ஜடை போட்ட சின்னப் பெண். வைத்தவர் இல்லினாய்ஸ்காரர். 1967-ல், 18 வயதில், காட்டுப் பாதையில் அந்தச் சிப்பாயை நேருக்கு நேர் பார்த்தார். எதிரி சுடவில்லை. இவர் சுட்டார். செத்தவரின் பர்ஸில் இருந்தது அந்தப் படம். 22 வருடம் அதைத் தன் பர்ஸில் வைத்துச் சுமந்தார். போட்டோவோடு ஒரு கடிதமும் இருந்தது. நீ ஏன் என்னைச் சுடவில்லை என்று கேட்டு, மன்னிப்பும் கேட்டு.

அங்கேயே இறக்கிவைத்துவிட்டதாகத்தான் நினைத்தார். ஆனால், அந்தப் படம் ஒரு புத்தகத்தில் அச்சாகி அவர் கண்ணிலேயே பட்டது. திரும்ப வாங்கினார். வியட்நாமுக்கு எழுதினார். அங்கே பத்திரிகையில் படம் வந்தது. அந்தச் சின்னப் பெண் கிடைத்தாள், இப்போது நடுத்தர வயதுப் பெண்மணியாக. 2000-ல் அவர் நேரில் போய் படத்தைக் கையில் கொடுத்தபோது, அந்தம்மா அவரையே கட்டிக்கொண்டு அழுதார்.

சுவரில் இல்லாதவர்கள்

திறந்தபோது பெயர்கள் 57,939. இன்று 58,270-ஐத் தாண்டிவிட்டது. களத்தில் பட்ட காயத்தால் பல வருஷம் கழித்துச் செத்தவர்களும் இதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அதில் ஒரு பெயர் டான் புல்லக். பிறப்புச் சான்றிதழைத் திருத்தி மரைன் படையில் சேர்ந்தவன். 1969 ஜூனில் சாகும்போது வயசு 15. நம்ம கணக்கில் பத்தாங்கிளாஸ்!

ஆனால், வீடு திரும்பியபின் தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு இந்தச் சுவரில் இடமில்லை. ஏஜென்ட் ஆரஞ்ச் ரசாயனத்தால் வந்த நோயில் செத்தவர்களுக்கும் இல்லை. 1980-களில் எடுத்த பெரிய ஆய்வு ஒன்று, அங்கே போய்வந்த ஆண்களில் 100-க்கு 30 பேர் ஏதாவதொரு காலத்தில் பி.டி.எஸ்.டி.யில் சிக்கியிருந்ததாகச் சொன்னது. பின்னால் செத்த இவர்களுக்காக 2004-ல் பக்கத்தில் ஒரு கல் வைத்தார்கள். அதில் ஒரு பெயர்கூடக் கிடையாது.

வியட்நாமியர்களும் இங்கே இல்லை. 1995-ல் அந்நாட்டு அரசு சொன்ன கணக்குப்படி, இருபது லட்சம் வரை பொதுமக்களும், வட தரப்பில் 11 லட்சம் போராளிகளும் செத்தார்கள். அந்தக் கணக்குக்கு இதே மாதிரி சுவர் எழுப்பினால் எத்தனை கிலோமீட்டர் நீளும்? கால்குலேட்டரை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்க.

என்றைக்காவது வாஷிங்டன் போனால் டிக்கெட் வேண்டாம், நேரமும் பார்க்க வேண்டாம். 24 மணி நேரமும் திறந்திருக்கும். பகல் கூட்டம் வேண்டாம் என்று ராத்திரியில் வருகிற பழைய சிப்பாய்களும் உண்டு. பெயர்களுக்குப் பக்கத்தில் சின்னக் குறிகள் இருக்கும், பாருங்க. வைரக் குறி என்றால் மரணம் உறுதி. சிலுவைக் குறி என்றால் ஆள் என்னவானார் என்றே தெரியவில்லை. காணாமல்போன ஒருவர் உயிரோடு திரும்பினால் சிலுவையைச் சுற்றி வட்டம் போடவேண்டும் என்று கட்டும்போதே முடிவு செய்துவைத்தார்கள்.

இதுவரை ஒரு வட்டம்கூடப் போடவில்லை.