வாயிற்படம் ஏன் மங்கிற்று?

திருவனந்தபுரத்து வலியசாலை தமிழர்க்குப் புதிய இடமன்று. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி கூறும் காந்தளூர்ச் சாலை இதுவே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. இங்குள்ள மகாதேவர் கோயிலை அடுத்த தெருக்களில், சுவரோடு சுவர் ஒட்டிய இல்லங்களில், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. இன்றோ அவற்றுட் பலவற்றில் எஞ்சியிருப்போர் முதியோர் மட்டுமே. மக்கள் கடல் கடந்து சென்றுவிட்டனர். ஆதலின் வாயிலில் ஒரு காமிராவைப் பொருத்தித் தொலைவிலிருந்து தாயாரைப் பார்த்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

சென்ற ஆண்டு ஒரு மாலை, அடுத்த வீட்டு அம்மையாரின் கழுத்துச் சங்கிலியை ஒருவன் பறித்துக்கொண்டு ஸ்கூட்டரில் மறைந்தான். படம் பதிவாகியிருந்தது, சட்டையின் நிறம் தெரிந்தது, முகந்தான் தெரியவில்லை. பொருத்தித் தந்த கடைக்காரர், “காமிராக்கள் பழையன, அனைத்தையும் மாற்றுங்கள்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். எனக்கு அது ஏற்புடையதாகத் தோன்றவில்லை. காமிராவின் கம்பியை நேரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்துப் பார்த்தேன். படம் தெளிவாகவே வந்தது! ஆகவே பிழை காமிராவில் இல்லை. அதன் சைகையை எண்வடிவாக்கி வலைப்பின்னலில் அனுப்பும் என்கோடர் என்னும் பெட்டியில்தான் இருந்தது.

நம் நாட்டுப் பழைய முறைக் காமிரா தருவது பால் என்னும் முறைப்படி அமைந்த படம். அதை என்கோடர் முழுமையாக வாங்கினால் அகலத்தில் 704, உயரத்தில் 576 புள்ளிகள் கிடைக்கும். எங்கள் பெட்டியிலோ 352க்கு 288 என்று அமைத்து வைத்திருந்தனர். வட்டில் இடம் மிஞ்சும், இணையக் கட்டு தளரும் என்பது அவர்கள் கணக்கு. நான்கில் மூன்று பங்கு புள்ளிகள் அங்கேயே உதிர்ந்துவிட்டன என்பது நம் கணக்கு.

ஐரோப்பியத் தர அளவு ஒன்று உண்டு. அறிமுகமானவரை இன்னாரெனக் காண மீட்டருக்கு 125 புள்ளியும், அறியாதவனை ஐயமற அடையாளங்காண 250 புள்ளியும் வேண்டும் என்பது அது. எங்கள் காமிரா நோக்குவது 6 மீட்டர் அகலம். 352ஐ ஆறால் வகுத்தால் ஏறக்குறைய 59. 704ஐ வகுத்தால் 117. திருடன் முகம் மங்கியதற்கு வேறு காரணம் தேடவேண்டுமோ?

அமைப்பை மாற்றியதும் வேறொரு தொல்லை முளைத்தது. ஓடும் வண்டிகளின் விளிம்பு சீப்புப் பற்களைப் போலக் கிழிந்து தோன்றியது. பால் முறைப் படம் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளுமாக, நொடிக்கு 50 பாதிப் படங்களாக வருகிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு பாதிக்கும் மறு பாதிக்கும் இடையே 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். சிறிய படத்தில் ஒரு பாதியை மட்டுமே எடுத்துக்கொண்டதால் இது தெரியாதிருந்தது. வரிப்பின்னலை நீக்கும் வசதியைப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் இயக்கியதும் பற்கள் மறைந்தன.

மூன்றாம் வீட்டார் 1920க்கு 1080 புள்ளி தரும் புதிய காமிராவை வாங்கி அதே பெட்டியில் இணைத்தனர். ‘சைகை இல்லை’ என்றே திரையில் வந்தது. அது டி.வி.ஐ. என்னும் புதுமுறைச் சைகை. பழைய என்கோடருக்கு அந்தப் பாஷை தெரியாது. காமிராவின் கம்பியிலுள்ள சிறு பொத்தானால் பழைய முறைக்கு மாற்றியவுடன் படம் வந்தது. ஆனால் கொடுத்த விலையின் பயன் 576 வரிகளுக்குள் அடங்கிவிட்டது. அமெரிக்காவிலிருந்து பழைய முறைக் காமிராவை அன்பளிப்பாகக் கொணரும் மைந்தர்களுக்கும் ஒரு சொல்: அங்குள்ளது 480 வரி கொண்ட என்.டி.எஸ்.ஸி. முறை. எங்கள் பெட்டியில் முழுக் கருவிக்கும் ஒரே முறைதான். ஒன்றுக்காக மாற்றினால் மற்றவை கெடும்.

புதிய என்கோடருக்குத் தெருவார் பணம் சேர்த்து வருகின்றனர். அம்மையாரின் சங்கிலி இதுவரை கிடைக்கவில்லை. ஆயினும் மஸ்கட்டிலிருக்கும் மகன், தாயார் வாயிலில் யாரோடு பேசுகிறார் என்பதை இப்பொழுது ஏறக்குறையக் கண்டுகொள்கிறார்; மழைநாளில் குடையின்றிக் கோயிலுக்குப் புறப்பட்டால் உடனே தொலைபேசியில் கடிந்துகொள்வதும் உண்டாம்.