நிழல் விழுத்தாத மரம்

ரொறன்ரோவில் இருக்கிற சின்னம்மா வீட்டுப் பின்வளவில் இரண்டு அப்பிள் மரங்கள் நிற்கின்றன. படத்தில் பார்த்தால் மரம் எண்டு நம்பேலாது. கொப்பு இல்லை, குடை இல்லை. நட்டு வைத்த கம்பத்தில் ஆரோ அப்பிளை ஒட்டிவிட்ட மாதிரி, தண்டோடு தண்டாகக் காய். இரண்டுக்கும் நடுவில் இரண்டரை அடிதான் இடைவெளி. "வேலியோட ஒட்டி நிக்குது, பக்கத்து வீட்டுக்கு ஒரு இலையும் போகாது" என்று சின்னம்மாவுக்குப் பெருமை.

இந்தத் தூண் மரங்களின் கதை கனடாவில்தான் தொடங்குகிறது. மக்கின்ரொஷ் என்ற அப்பிள் ரகம் 1811இல் ஒன்ராறியோவில் ஜோன் மக்கின்ரொஷ் தன் காணியில் கண்ட கன்றிலிருந்து வந்தது. மக்கின்ரொஷ் கொம்பியூட்டருக்குப் பெயர் கொடுத்ததும் இதே பழம்தான். 1960களின் தொடக்கத்தில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் கெலோனாவில், ஒரு பழைய மக்கின்ரொஷ் மரத்தில் ஒரு கொப்பு மட்டும் வேறு மாதிரி வளர்ந்தது. கணுக்கள் நெருக்கமாக, பக்கக் கிளை பெரிதாக விடாமல், நேரே மேலே. நோய் எண்டு வெட்டி எறிந்திருக்கலாம். எறியவில்லை, ஒட்டுக் கட்டி வளர்த்தார்கள்.

பிறகு இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் உள்ள ஈஸ்ற் மோலிங் ஆராய்ச்சி நிலையத்தில் அதை மற்ற ரகங்களோடு கலந்தார்கள். பிறந்த கன்றுகளில் ஏறக்குறையப் பாதி தூண் மாதிரியே வளர்ந்தன. 'பலரீனா' என்ற வரிசையில் போல்கா, பொலேரோ, வோல்ற்ஸ், ஃபிளமெங்கோ என்று நடனங்களின் பெயரை வைத்து விற்பனைக்கு விட்டார்கள்.

உள்ளே நடந்தது சின்ன விஷயம். இடம் விட்டு இடம் தாவுகிற ஒரு மரபணுத் துண்டு, வேறொரு மரபணுவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அதனால், தண்டை நீட்டி வளர்க்கும் ஜிபரெலின் ஹோர்மோன் தளிர்களில் குறைந்துபோகிறது. நெல்லில் குட்டையான ஐ.ஆர். 8 ரகம் சாயாமல் நின்றதற்கும் இதே ஹோர்மோன் குறைந்ததுதான் காரணம்.

சின்னம்மாவின் மரங்கள் இரண்டும் வெவ்வேறு ரகம். அப்பிள் தன் ரகத்து மகரந்தத்தில் ஒழுங்காகக் காய்க்காது, அதனால் துணை வேணும். பிஞ்சில் பாதியைக் கிள்ளி விடாவிட்டால் ஒரு வருசம் கொட்டும், மற்ற வருசம் வெறுங்கம்பு.

இதையெல்லாம் சின்னம்மா சொன்னது காணி பற்றிக் கதைக்க எடுத்த அழைப்பில். அம்மம்மாவின் மூன்று பரப்பு இப்ப அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் சரிபாதி. சேவையர் வந்து அளந்து கட்டை அடித்துவிட்டார். கறுத்தக்கொழும்பான் மரம் கோட்டுக்கு அந்தப் பக்கம், சின்னம்மாவின் பாதியில். வாங்க வருகிறவர் மரத்தைத் தறித்துத் தந்தால்தான் எழுத்து என்கிறார். சின்னம்மாவில் எனக்குக் கோபமில்லை. இரவு வேலை செய்து வாங்கிய வீட்டுக்கு அவ இன்னும் கடன் கட்டுறா.

எங்கட ஒழுங்கையில் காணி பிரிகிற ஒவ்வொரு முறையும் முதலில் போவது மரம். பிறகு மதில். பிறகு மிச்ச நிலத்துக்குச் சீமெந்து. கேட்டால் "மரம் வைக்க இடம் எங்க கிடக்கு?" என்பார்கள். இரண்டடி மண்ணில் பழம் பறிக்கிற சின்னம்மாவைப் பார்த்த பிறகு அந்தப் பதிலை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

அதற்காக யாழ்ப்பாணத்தில் அப்பிள் நடச் சொல்லவில்லை. மாதக்கணக்கில் குளிர் இல்லாமல் அது ஒழுங்காகப் பூக்காது. எங்களுக்குத் தூண் மாதிரி ஒன்று வேணுமெண்டால் பப்பாசி இருக்கிறது: கிளை இல்லை, காய் தண்டோடு. மாதுளை, தேசி ஆள் உயரத்தில் நிற்கும். கொய்யாவை வெட்டி வெட்டிப் பதிவாக வைத்திருக்கலாம். ஒட்டு மாங்கன்றையும் ஒவ்வொரு முறை காய் முடிந்ததும் நுனி வெட்டி வந்தால் கைக்கெட்டும் உயரத்தில் பிடிக்கலாம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தத் தூண் மரம் ஆருக்கும் நிழல் விழுத்தாது என்பது குளிர் நாட்டில் புகழ்ச்சி. அங்கே வெயில்தான் அருமை. இங்கே சித்திரை மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு நிழல் விழுத்தாத மரத்தால் என்ன பயன்? அம்மா உடுப்புத் தோய்க்கிறதும், நாங்கள் கதிரை போட்டுக் கதைக்கிறதும் அந்த மாமரத்துக்குக் கீழேதான். பத்துப் பப்பாசி நட்டாலும் அந்த இடம் வராது. சின்ன மரம் வெறும் நிலத்துக்குத் தீர்வு. நிற்கிற பெரிய மரத்தைத் தறிக்க அது காரணம் ஆகாது.

நான் சின்னம்மாவிடம் கேட்டது இதுதான்: கோட்டைக் கொஞ்சம் தள்ளி மரத்தை எங்கட பக்கம் எடுப்பம், அதே அளவு நிலத்தைப் பின்பக்கத்தில் உங்களுக்கு விடுவம். அம்மாவுக்குச் சம்மதம். வாங்குகிறவருக்கும் நிலம் குறையாது, மரமும் தடையில்லை. எங்கட பக்கம் சாய்ந்துதான் கொப்புகளும் நிற்கின்றன.

"யோசிச்சுச் சொல்லுறன்" எண்டா. கட்டைகள் இன்னும் வெறும் மரக்கட்டைகள்தான், கல் போடவில்லை. பிடுங்கி நடலாம்.