மாவடுவும் மர்ம எழுத்தும்

சிலருக்குச் சீட்டாட்டப் பைத்தியம். சிலருக்குச் சங்கீதப் பைத்தியம். அடியேனுக்குப் பிடித்திருப்பது யந்திரப் பைத்தியம். புதிதாக எந்தக் கருவி வந்தாலும் அதை வாங்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வாங்கி வந்துவிட்டாலோ, என் மனைவிக்குத் தூக்கம் வராது. எங்கள் வீட்டு அலமாரியில் பழைய செல்போன்களும், எதற்கு உரியவை என்று தெரியாத சார்ஜர்களும், வயர்களும் கொலு வைத்தாற்போல் அடுக்கியிருக்கும்.

"இந்தக் குப்பையிலே ஒண்ணாவது என்றைக்காவது வீட்டுக்குப் பிரயோஜனப்பட்டதுண்டா?" என்பது அவள் நித்தியப்படி கேட்கும் கேள்வி.

சென்ற மாசி மாதம் அதற்குப் பதில் சொல்லச் சந்தர்ப்பம் வாய்த்தது. பெங்களூரிலிருந்து எங்கள் பெண் போன் செய்தாள்.

"அப்பா, மாவடு வாங்கியிருக்கேன். பாட்டி போடற மாதிரியே போடணும். அம்மாவைக் கேட்டால் 'கண் அளவு'ங்கறா. என் கண்ணுக்கு அளவு தெரியலையே!"

"கவலைப்படாதே! பாட்டி சொல்லச் சொல்ல நானே கம்ப்யூட்டரில் அடித்து வைத்திருக்கிறேன்" என்று மார் தட்டினேன்.

பொய்யில்லை. 1998-ல் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, அம்மா ஊஞ்சலில் உட்கார்ந்து சொல்ல, நான் அடித்தேன். அம்மா போய்ப் பல வருஷமாகிவிட்டது. அவள் கைப்பட எழுதியது என்று ஒரு துண்டுக் காகிதம் வீட்டில் இல்லை. அவள் வார்த்தைகள் என்று மிஞ்சியிருப்பது அந்த ஒரு பிளாப்பிதான்.

அதைப் படிக்கும் டிரைவ் என் கொலுவில் இருந்தது. மனைவியை வெற்றியோடு ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செருகினேன். பிளாப்பியின் மொத்தக் கொள்ளளவே 1.44 மெகாபைட், இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோகூட அதில் அடங்குவது சந்தேகம். ஆனாலும் பைல் திறந்துகொண்டது.

திரையைப் பார்த்ததும் என் முகம் சுருங்கிற்று. தமிழே இல்லை! தலையில் புள்ளியும் கொம்பும் முளைத்த ஐரோப்பிய எழுத்துக்கள் வரிவரியாக நின்றன.

"உங்கம்மா இருந்தவரை என் சமையலைத் தமிழிலே குற்றம் சொன்னது போதாதா? பிரெஞ்சிலே வேறயா?" என்றாள் என் மனைவி.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். அந்த நாளில் ஒவ்வொரு எழுத்துருக்காரரும் 'க'வுக்கு இந்த எண், 'ம'வுக்கு அந்த எண் என்று தம் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டார்கள். அதை ஒழுங்குபடுத்தத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மகாநாடு கூடிற்று. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடைத் தமிழக அரசு 2010-ல் ஏற்றது. என் பைலோ இவற்றுக்கெல்லாம் முந்தியது. அதற்குரிய எழுத்துரு, பழைய கம்ப்யூட்டரோடு காயலான் கடைக்குப் போய்விட்டது. எழுத்தை மாற்றித் தரும் புரோகிராம்கள் சிலவற்றை முயன்றேன்; ஒன்றுக்கும் அது பிடிபடவில்லை. இரண்டு இரவுகள் வீணாயின.

மூன்றாம் இரவு, குறுக்கெழுத்துப் போட்டியும் கையுமாக என் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முதல் வரி என்னவாயிருக்கும், சொல்லுங்கோ?"

"தெரிந்தால் நான் ஏன் இப்படி விழித்துக்கொண்டிருக்கிறேன்?"

"ஸ்ரீராமஜெயம் போடாமல் உங்கம்மா எதையாவது எழுத விட்டிருப்பாளா?"

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது! 'ரா'வின் காலும், 'ம'வும் கிடைத்துவிட்டன. அடுத்த வரியின் ஆரம்பத்தில் அதே 'ம', அதே கால், பிறகு தெரியாத இரண்டு எழுத்துக்கள்.

"மாவடு!" என்று கூவினாள் அவள். 'வ'வும் 'டு'வும் அகப்பட்டன. அப்புறம் ஒன்றைப் பிடித்து ஒன்றாக எழுத்துக்கள் வந்து விழுந்தன. கொம்பு மட்டும் பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டு தகராறு செய்தது. பழைய முறையில் அது முன்னால் நிற்கும். யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் அடங்கி வரவேண்டும். அதையும் வழிக்குக் கொண்டுவந்தபோது பால்காரன் மணி அடித்துவிட்டான்.

முதலில் விளக்கெண்ணெய் தடவிப் பிசறுவது, படி மாவடுவுக்கு ஆழாக்குக் கல் உப்பு, கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி எல்லாம் அம்மாவின் குரலிலேயே வந்தன. அவள் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் அடித்து வைத்த அசடு நான். அதனால் கடைசி வரியும் இருந்தது:

"இப்போதெல்லாம் இவள்தான் போடுகிறாள். என்னைவிட நன்றாகவே போடுகிறாள். அவளிடம் சொல்லிவிடாதே."

என் மனைவி அதை இரண்டு தரம் படித்தாள். "கம்ப்யூட்டர் வெளிச்சம் கண்ணைக் கரிக்கிறது" என்று தலைப்பால் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இப்போது அந்தப் பைல் யூனிகோடில் மூன்று இடங்களில் இருக்கிறது: என் கம்ப்யூட்டரில் ஒன்று, தனி டிஸ்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே பெங்களூரில் ஒன்று. நாலாவது பிரதி ஒன்றும் உண்டு. என் மனைவி தன் சமையல் நோட்டில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறாள். எட்டிப் பார்த்தேன். கடைசி வரி மட்டும்தான் இருந்தது.

"அளவெல்லாம் எங்கே?" என்றேன்.

"அதுதான் எனக்குக் கண் அளவு தெரியுமே!" என்றாள்.