இரண்டு பூட்டுகள்

‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற வாசகம் பத்திரிகைக்காரனுக்குப் புதியதன்று. அமைச்சுகளின் வாயிலிலும் சோதனைச் சாவடிகளிலும் அதைக் கேட்டே நரைத்துப்போனவர்கள் நாங்கள். ஆனால், இறந்துபோன நண்பர் ஒருவரின் கணினி அதே வாசகத்தை அவருடைய மனைவிக்கும் மகனுக்கும் சொன்னபோது, அது வேறு விதமாக வலித்தது.

நண்பரும் என்னைப் போலப் பத்திரிகைக்காரர்தான். செய்தி எழுதிய நேரம் போக, நக்கிள்ஸ் மலையடிவாரத்துத் தோட்டங்களுக்குச் சென்று லயங்களில் இருந்த முதியவர்களிடம் பேசி, அவர்கள் சொன்னதை எழுதிவைப்பார். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியதும், 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு எனப் பங்கிட்டதும் பாடநூலில் உண்டு. ஒரே வீட்டில் அண்ணன் இங்கே தங்க, தம்பி தலைமன்னாரில் கப்பலேறிய கதை பாடநூலில் இல்லை. அவரிடம் இருந்தது. எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டு, விண்டோஸ் எக்ஸ்பி நிறுவிய ஒரு பழைய மேசைக் கணினியில் கிடந்தது.

அவர் 2010இல் காலமானார். அடுத்த ஆண்டு, உயர்தரம் படித்துக்கொண்டிருந்த மகன், வைரஸ் தாக்கி நகரமுடியாமல் கிடந்த அந்தக் கணினியைக் கண்டியில் ஒரு கடையில் கொடுத்தான். வன்தட்டை அழிக்காமல் இயங்குதளத்தை மட்டும் மறுபடி நிறுவிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், தந்தையின் பெயரில் கோப்புறை இருக்கிறது, திறக்க மறுக்கிறது. கணினியில் தமிழ் எழுதுகிறவன் என்ற பெயர் எனக்கு இருந்ததால், தாயும் மகனும் தெல்தெனியவிலிருந்து பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்தபடி ஹுன்னஸ்கிரியவுக்கு வந்துசேர்ந்தார்கள்.

“எல்லாம் போயிருச்சா அண்ணே?” என்றார் அந்த அம்மா. பழைய தெல்தெனிய நகரத்தை நினைத்துப் பாருங்கள் என்றேன். விக்டோரியா நீர்த்தேக்கம் அதை மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. கடும் வறட்சியில் நீர் இறங்கினால் பழைய கட்டடங்களின் எச்சங்கள் தலைகாட்டுவதை அவ்வூரார் எல்லோரும் கண்டிருக்கிறார்கள். கோப்புகளும் அப்படித்தான், அடியில் இருக்கின்றன.

நடந்தது இதுதான். விண்டோஸ் நம்மைப் பெயரால் அறிவதில்லை. ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் நீண்டதோர் அடையாள எண்ணைக் கொடுத்து, கோப்புறையின் உரிமையாளர் இன்ன எண்ணுக்குரியவர் என்று வன்தட்டில் குறித்துவைக்கிறது. இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும்போது புதிய எண் பிறக்கிறது. அதே பெயரும் அதே கடவுச்சொல்லும் வைத்தாலும் நீங்கள் அந்த இயந்திரத்துக்கு அந்நியர். (எமது மக்களின் பிரஜாவுரிமைப் பத்திரங்களோடு இதை ஒப்பிடாமல் இருக்க என்னால் முடியவில்லை. ஆள் அதே ஆள், பதிவேடுதான் மாறிவிட்டது.)

இந்தப் பூட்டுக்கு மருந்துண்டு. நிர்வாகி உரிமையுள்ள கணக்கில் நுழைந்து, கோப்புறையின் பண்புகளில் ‘பாதுகாப்பு’ப் பகுதிக்குச் சென்று, உரிமையாளராக உங்களை நியமித்து, உள்ளிருக்கும் எல்லாவற்றுக்கும் அது பொருந்தட்டும் என்று குறியிட வேண்டும். பிறகு முழு அனுமதியையும் உங்களுக்கே தனியாக வழங்கிக்கொள்ள வேண்டும்; உரிமையாளர் ஆனதாலேயே வாசிக்கும் உரிமை வந்துவிடுவதில்லை. பலர் தடுக்கி விழும் இடம் இது. எக்ஸ்பியின் ஹோம் பதிப்பில் அந்தப் பகுதி பாதுகாப்பு முறையில் தொடக்கினால்தான் தென்படும். நண்பருடையது புரொபெஷனல் பதிப்பு. எளிய கோப்புப் பகிர்வை நிறுத்தியதும் தென்பட்டது. அரை மணி நேரத்தில் கோப்புறை திறந்தது. அந்த அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார்.

பன்னிரண்டு கோப்புகள் மட்டும் திறக்கவில்லை. அவற்றின் பெயர்கள் பச்சை நிறத்தில் இருந்தன. பச்சை என்றால் மறைகுறியாக்கம். இது இயந்திரம் தானாகப் போட்ட பூட்டன்று, மனிதர் வேண்டுமென்றே போட்டது. உரிமையை மாற்றி இதைத் திறக்கமுடியாது. சாவி பழைய கணக்கின் கோப்புறைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அது தப்பியிருந்து, பழைய கடவுச்சொல்லும் தெரிந்தால், அதற்கென உள்ள மென்பொருள்களால் மீட்கலாம். சாவி இருந்தது. கடவுச்சொல்லை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

நோர்வேயில் இதுபோல் ஒன்று நடந்தது. இவார் ஓசன் மொழிப் பண்பாட்டு மையத்தின் நூற்சேகரம் ஒன்றுக்கு அட்டவணை தயாரித்தவர் கடவுச்சொல்லைச் சொல்லாமலே இறந்துவிட, 2002இல் அம்மையம் உலகெங்கும் உள்ளவர்களிடம் உதவி கேட்டது. விடை விரைவிலேயே வந்தது: சேகரத்துக்குரிய பேராசிரியரின் குடும்பப் பெயரைத் தலைகீழாக எழுதியதுதான் கடவுச்சொல். மகனும் அப்படி முயலலாம் என்றான். பிறந்த நாள், ஊர்ப் பெயர், அம்மாவின் பெயர் என்று பட்டியல்கூடப் போட்டுவிட்டான்.

நான்தான் தயங்கினேன். கோப்புகளின் திகதிகள் 2008 பிற்பகுதிக்கும் 2009 நடுப்பகுதிக்கும் இடைப்பட்டவை. சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் திகதி கொல்லப்பட்ட காலம். அந்நாட்களில் எம்மிடம் பேசியவர்கள் தம் பெயர் வெளிவராது என்ற நம்பிக்கையில் பேசினார்கள். நோர்வேயில் பூட்டுக்குள் இருந்தது நூற்பட்டியல். இங்கே இருந்தது யாருடைய பெயரோ. செய்தி தந்தவரைக் காப்பது பத்திரிகைக்காரனின் மரணத்தோடு முடிந்துவிடும் கடமை என்று நான் கருதவில்லை. இதைச் சொன்னேன். மகனுக்குக் கோபம், அப்பாவின் எழுத்து முழுவதும் தனக்கு வேண்டும் என்றான். அதிலும் நியாயம் இருந்தது. நெடுநேரம் பேசாமல் இருந்த தாய்தான், “அவர் பூட்டி வச்சது அப்பிடியே இருக்கட்டும்” என்றார். மற்றவற்றைப் பிரதியெடுத்துக்கொண்டு வன்தட்டைக் கழற்றி அவரிடமே கொடுத்தேன்.

இன்று நிலைமை கடினமாகியிருக்கிறது. இப்போதைய விண்டோஸ் 11, மைக்ரோசொப்ட் கணக்கோடு புதிதாக நிறுவப்படும்போது பெரும்பாலான கணினிகளில் வன்தட்டு முழுவதையும் கேட்காமலே மறைகுறியாக்கிவிடுகிறது. மீட்புச் சாவி 48 இலக்க எண். வழக்கமாக அந்த இணையக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். எனவே, இயங்குதளத்தில் கைவைக்கும் முன்னர் அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, வீட்டில் ஒருவரிடமாவது கொடுத்துவையுங்கள். யாரும் திறக்கக்கூடாது என்று நினைப்பவற்றைத் தனியே பூட்டிக்கொள்ளுங்கள்.

மீட்ட கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் வேலை நீண்டுகொண்டே போனது. இடையிடையே அவர் ஆங்கிலத்தில் குறித்திருந்த தோட்டப் பெயர்கள் எழுத்துரு மாற்றியில் அகப்பட்டு உருக்குலைந்தன; மகன் ஒவ்வொன்றாகக் கையால் திருத்தினான். முதலில் முடித்தது தம்பியைக் கப்பலேற்றிவிட்டு வந்த ஒரு மூதாட்டியின் கதை. அதை அச்செடுத்து, அதே லயத்தில் இருந்த அவருடைய பேத்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.