கும்மி மெட்டுக்கு ஸ்கோர் எழுதப் பழகுகிறேன்

"பேனாவ எடுக்கறதுக்கு முன்னால, மெட்டு எங்க மூச்சு வாங்குதுன்னு கேளு கண்ணு." ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதக் கற்றுக்கொள்ளப் பீளமேட்டில் மாஸ்டரிடம் சேர்ந்தபோது அவர் கொடுத்த முதல் பாடம் இதுதான்.

நான் எடுத்துக்கொண்டது அன்னூர்ப் பக்கம் என் அம்மாயி ஊரில் பாடும் ஒரு வள்ளிக்கும்மி மெட்டு. ஆண்களே ஆடிவந்த இந்தக் கும்மியைப் பெண்களுக்கும் பழக்கிய பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தக் கலைக்கு என்னால் ஆனதைச் செய்யவேண்டும் என்ற ஆசை எனக்கும் அப்போதுதான் வந்தது.

செல்போனில் பதிவுசெய்து வந்த பாட்டைக் கேட்டுவிட்டு, மாஸ்டர் வேறொன்றைப் போட்டுக் காட்டினார். மெக்சிகோவின் ஹொசே பாப்லோ மொன்காயோ எழுதிய 'உவாபாங்கோ'. வெராகுரூஸ் கரையில் அல்வராடோ என்ற ஊருக்குத் தன் நண்பர் பிளாஸ் காலிந்தோவோடு போய், அங்கே பாடுவதையும் ஆடுவதையும் கேட்டுக் குறித்துவந்து எழுதியது. 1941 ஆகஸ்ட் 15 அன்று கார்லோஸ் சாவேஸ் அதை முதன்முதலில் மேடையேற்றினார். ஊர்க்காரர்கள் பாடியபடியே மெட்டை முதலில் கேட்கவிடு, பிறகு உன் போக்கில் வளர்த்துக்கொள் என்று மொன்காயோவுக்கு அறிவுரை சொன்னவர் மூத்த இசையமைப்பாளர் காந்தெலாரியோ உய்சார். எனக்கு இன்றுவரை இதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்கவில்லை.

அதன் கடைசிப் பகுதியில் டிரம்பெட்டும் டிரம்போனும் இரண்டு பாடகர்கள் போட்டிபோட்டுப் பாடுவதுபோல மாறி மாறி வரும். "நம்ம கும்மியிலயும் ஒருத்தர் சொல்லி மத்தவங்க வாங்கிப் பாடறாங்கல்லொ?" என்றார் மாஸ்டர். அங்கேதான் என் ஸ்கோருக்கு வழி திறந்தது. கும்மி ஆசிரியரின் அடி கிளாரினெட்டுக்கு. வாங்கிப் பாடும் பெண்களின் குரல் வயலின்களுக்கு. கும்மியில் ஆசிரியர் கடைசிச் சொல்லை முடிக்குமுன்பே பெண்கள் தொடங்கிவிடுகிறார்கள். அந்தச் சின்ன மேற்படிதலில்தான் ஆட்டத்தின் வேகமே இருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் வயலின்கள் கிளாரினெட்டின் கடைசி ஸ்வரத்தின் மேலேயே ஏறிவருகின்றன.

தாளம் திஸ்ரம். ஆறு எட்டில் எழுதுகிறோம். உவாபாங்கோவிலும் ஆறு துடிப்புத்தான். ஆனால் இரண்டு மூன்றாகவும் மூன்று இரண்டாகவும் அது மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாறுதலை இங்கேயும் கொண்டுவர ஆசைப்பட்டேன், மாஸ்டர் விடவில்லை. கைதட்டு விழும் இடம் நகர்ந்தால் கால் தடுமாறும் என்றார். கைதட்டை வயோலாக்களின் பிட்சிகாட்டோவுக்குக் கொடுத்தோம், வில்லை வைத்துவிட்டு விரலால் மீட்டுவது.

மற்றதெல்லாம் பழக்கத்தில் வருகிறது. பி ஃப்ளாட் கிளாரினெட்டுக்கு ஒரு முழு ஸ்வரம் ஏற்றி எழுதவேண்டும், வயோலாவுக்கு ஆல்டோ கிளெஃப்.

கார்டு போடுவதுதான் பெரிய பாடம். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அடியில் ஒரு கார்டு வைத்தால் மெட்டின் வளைவுகள் நேராகிவிடுகின்றன. செல்லோக்கள் சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்க, கமகத்துக்கு மேலே இடம் கிடைக்கிறது. இப்போது இரண்டாம் சரணத்தில் இருக்கிறேன். மெட்டை அப்படியே கேட்கவிட்டாயிற்று. இனி என் போக்கில் வளர்க்கும் பகுதி. ஹார்னை எங்கே நுழைப்பது என்று மாஸ்டர் என்னையே முடிவெடுக்கச் சொல்லியிருக்கிறார்.