கொல்லையில் முளைத்தவை

எங்கள் வீட்டுக் கொல்லை மிகச் சிறியது. ஆயினும் மழைக்காலம் வந்துவிட்டால் அதன் பசுமைக்கு எல்லை இராது. ஐப்பசி மழை சற்று ஓய்ந்த ஒரு நாள், கத்தரிக்கும் வெண்டைக்கும் இடம் செய்ய எண்ணிக் களைக்கொட்டுடன் இறங்கினேன். நாம் விதையாதன எல்லாம் களை என்பதே அந்நாளில் என் எண்ணம். அரை நாளில் நிலம் துப்புரவாயிற்று. வேலியோரம் வெண்ணிறச் சிறு பூக்களுடன் நின்ற ஒரு செடியை மட்டும் அதன் அழகு கருதி விட்டுவைத்தேன்.

மாலையில் என் தாயார் வந்தார். பிடுங்கிய குவியலின் அருகே அமர்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

“தம்பி, இது கீழாநெல்லி அல்லவா? காமாலைக்கு மருந்தென்று நாட்டு மருத்துவர் இதைத் தேடி அலைவாரே!” என்றார்.

நான் விழித்தேன். புளியிலை போன்ற அதன் சிறு கிளையைத் திருப்பிக் காட்டினார். கீழ்ப்புறத்தில் கடுகு போன்ற காய்கள் வரிசையாகத் தொங்கின. பெயரின் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. பின்பு வேறொரு செடியின் தண்டை ஒடித்தார், பால் கசிந்தது. அது அம்மான் பச்சரிசியாம். கீழாநெல்லியில் பால் வராது. மூக்கிரட்டைக் கீரையைக் குழம்புக்கென்று மடியில் கட்டிக்கொண்டார். குப்பைமேனியை அவர் காட்டவேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டுப் பூனை அதன் வேரைக் கடித்துக்கொண்டு புரண்டது. பூனைவணங்கி என்று அதற்கு ஒரு பெயர் உண்டு.

கோரையைப் பிடுங்கியதற்கு மட்டும் அவர் வருந்தவில்லை. ஆனால் அதிலும் நான் ஏமாந்தேன். முக்கோணத் தண்டு என் கையோடு வந்தது. கிழங்கோ மண்ணுள்ளேயே கிடந்தது. சில நாட்களில் கோரை மீண்டும் தலைகாட்டிற்று.

வேலியோரச் செடியை அம்மா நெடுநேரம் நோக்கினார். “என் இளமையில் இதைக் கண்டதில்லை, பெயர் தெரியவில்லை” என்றார்.

அடுத்த மழைக்குள் அச்செடி கொல்லை முழுவதும் பரவிவிட்டது. வெறுங்கையால் பிடுங்கினேன். முழங்கை வரை சிவந்து தடித்தது. அரிப்பால் இரவுகளில் உறக்கமில்லை. மருத்துவர் செடியைக் கொணரச் சொன்னார்; கண்டவுடன், “பார்த்தீனியம்” என்றார். அமெரிக்கக் கண்டத்துக்குரிய இப்பூண்டு 1950களில் புனே நகரில் கண்டறியப்பட்டுப் பின்னர் நாடெங்கும் பரவியது. ஒரே செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். கேரட் இலைபோல் பிளவுபட்ட அதன் இலைகளை அன்றே அறிந்திருந்தால், பூக்குமுன்பே அகற்றியிருப்பேன்.

இப்போது மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை அணிந்து, அதை வேரோடு களைகிறேன். கீழாநெல்லி மறுபடியும் தானே முளைத்துவிட்டது. கால் படாதிருக்க அதைச் சுற்றி அம்மா நான்கு செங்கற்களை வைத்திருக்கிறார்.