பிரெஸ்தீஜ் என்றால் கண்கட்டு வித்தை

என் பேரன் வாரத்தில் ஆறு நாள் பிளஸ் டூ மாணவன். ஞாயிறு மாலை மட்டும் மந்திரவாதி. அவனும் நண்பர்கள் மூன்று பேரும், ஆட்டத்தை நடத்தும் பெரிய பையன் ஒருவனும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொள்வார்கள். காகிதம், பென்சில், இருபது முகம் கொண்ட பகடை, ஒரு பெரிய தட்டு நிறைய முறுக்கு. இவ்வளவுதான் சாமான். ஆட்டத்தின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-இல் வெளியிட்டது.

தாயம், பரமபதம் போல இதில் ஒருவர் ஜெயித்து மற்றவர் தோற்பதில்லை. நடத்துகிற பையன் கூத்தில் வரும் கட்டியங்காரன் மாதிரி கதையைச் சொல்லிக்கொண்டே போவான். "பாலத்தில் ஒரு பூதம் நிக்குது, என்ன பண்றீங்க?" என்பான். ஒருவன் வாளை உருவுவான், ஒருவன் பூதத்திடம் பேச்சுக் கொடுப்பான். அது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். ஆட ஆட அனுபவம் சேரும். பாத்திரம் ஒவ்வொரு நிலையாக உயரும். மொத்தம் இருபது நிலை. இவர்கள் ஒரு நிலை ஏற இரண்டு மாதம் ஆகிறது.

தொடக்கத்தில் மூன்றே தொழில்கள்தான்: போர்வீரன், மந்திரவாதி, பூசாரி. பிறகு திருடன் முதலிய பலர் வந்து சேர்ந்தார்கள். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். அடிப்படைத் தொழிலில் சில நிலைகள் தேறியவன், தகுதி இருந்தால், ஒரு சிறப்புத் தொழிலுக்கு மாறலாம். அதற்கு 'பிரெஸ்டீஜ் கிளாஸ்' என்று பெயர். 2003-இல் அந்தப் பதிப்பைத் திருத்தி வெளியிட்டார்கள். இவர்கள் ஆடுவது அதைத்தான்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும். அதனால் புத்தகத்தில் அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. 'பிரெஸ்தீஜ்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பழைய பொருள் கௌரவம் அல்ல. கண்கட்டு வித்தை, மாயத் தோற்றம். லத்தீனிலிருந்து வந்தது. கௌரவம் என்ற பொருள் பிற்பாடு ஏறியதுதான். பேரனிடம் சொன்னேன். "அப்போ மந்திரவாதிக்குச் சரியான பேர்தானே தாத்தா" என்றான்.

சிறப்புத் தொழில்களுக்கான தகுதிப் பட்டியலைப் படித்தபோது எனக்கு எங்கள் ஆபீஸ் ஞாபகம் வந்தது. இன்னின்ன டிபார்ட்மெண்டல் டெஸ்ட் பாஸ் செய்திருந்தால்தான் அடுத்த பதவி என்பதே அங்கும் சட்டம். 'லோர்மாஸ்டர்' என்ற ஞானியாக வேண்டுமானால் இரண்டு அறிவுத் துறைகளில் தலா பத்துப் புள்ளி சேர்த்திருக்க வேண்டும். அதற்கு ஏழாம் நிலை வரை காத்திருக்க வேண்டும். 'அசாசின்' ஆக வேண்டுமானால், அந்தக் கூட்டத்தில் சேருவதற்காகவே ஒருவரைக் கொன்றிருக்க வேண்டும்! பிறப்பைக் கேட்கும் பதவிகளும் உண்டு. ஒன்றுக்குக் குள்ளர் இனத்தில் பிறந்திருக்க வேண்டும். மந்திர வில்லாளிக்கு எல்ஃப் ரத்தம் ஓட வேண்டும். கற்பனை உலகத்திலும் இதை விடமாட்டார்களா என்று தோன்றியது.

பேரனின் மந்திரவாதி மூன்றாம் நிலையில் இருந்தான். அடுத்து என்ன என்பதில் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் கண் வைத்தது 'மிஸ்டிக் தியர்ஜ்' மீது. மந்திரமும் பூசாரியின் தெய்வ சக்தியும் ஒன்றாகக் கைவரும் சிறப்புத் தொழில். அதற்கு மந்திரவாதியாக மூன்று நிலை, பூசாரியாக மூன்று நிலை முடிக்க வேண்டும். ஏழாம் நிலையிலிருந்துதான் தியர்ஜ். அதன்பின் ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு பக்கமும் சேர்ந்தே வளரும். பதினாறாம் நிலையில் இரண்டு வகையிலும் ஏழாம் தர மந்திரங்கள் வந்துவிடும். புத்தகத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். மந்திரவாதியாகவே தொடர்ந்தால் ஐந்தாம் நிலையில் தீப்பந்து எறியும் மந்திரம் கிடைத்துவிடும். தியர்ஜ் வழியில் போனால் அது எட்டாம் நிலையில்தான். சரி, பொறுத்துக்கொள்ளலாம் என்றால் வேறு ஒரு கணக்கு இடித்தது. மே மாதத்தோடு பள்ளி முடிகிறது. ஒருவன் கோயம்புத்தூர், ஒருவன் வெளி மாநிலம், இவன் எங்கே என்று இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் ஏழாம் நிலையைத் தொட்டாலே பெரிது. அதாவது தியர்ஜ் கதவு திறக்கும் நாளில் மேஜை கலைந்துவிடும். இதை நான் வாய்விட்டுச் சொன்னதும் அவன் முகம் சுருங்கிவிட்டது. ஆட்டத்தைப் பற்றி மட்டும் நாங்கள் பேசிக்கொண்டிருக்கவில்லை என்று அப்போதுதான் இருவருக்கும் புரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "உங்க கூட்டத்துல யார் யாருடா இருக்கீங்க?" என்று கேட்டேன். ஒரு போர்வீரன், ஒரு திருடன், ஒரு வில்லாளி, இவன். காயத்துக்கு மருந்து போட ஆள் இல்லை. முந்தின வாரம் போர்வீரன் சாகக் கிடந்து, எல்லாரும் பணத்தைப் போட்டு மருந்துக் குப்பி வாங்கிக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

எனக்கு ஒரு பழைய ஃபைல் நினைவுக்கு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இறந்துபோன ஊழியர் ஒருவரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கேட்டு அனுப்பிய ஃபைல் மூன்று முறை ஆட்சேபணையோடு திரும்பி வந்தது. எங்கள் செக்‌ஷனில் அந்த விதியைப் பிரித்துச் சொல்ல ஆள் இல்லை. அந்த அம்மாள் கைக்குழந்தையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அக்கவுண்ட் டெஸ்டுக்குப் படிக்க ஆரம்பித்தேன். எங்கள் காலத்தில் அது புத்தகம் பார்த்து எழுதும் தேர்வு. ஆனாலும் எந்தப் பக்கத்தைத் திருப்புவது என்று தெரிய வேண்டும். நான்காம் முறை ஃபைல் போய்ச் சேர்ந்தது. எனக்குப் பதவி உயர்வு வர இன்னும் பல வருஷம் ஆயிற்று. அது வராமலே போயிருந்தாலும் அந்தப் படிப்பு வீணாகியிருக்காது.

எதிர் வீட்டில் இருப்பவர் ஹெச்.பி. வெல்டர். கொதிகலன் குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்தி, சுற்றிச் சுற்றிப் பற்றவைத்துக் காட்டும் தேர்வில் தேறியவர். ஏன் இதையே பிடித்தீர்கள் என்று கேட்டால், வீட்டு வாசலிலேயே அனல் மின் நிலையம் இருக்கிறதே என்பார்.

பேரனிடம் இந்த இரண்டையும் சொன்னேன். முடிவை அவனிடம் விட்டேன். இரண்டு நாள் யோசித்துப் பூசாரி நிலை எடுத்தான். தியர்ஜுக்காக இல்லையாம், போர்வீரனுக்காகவாம். ஏழாம் நிலை வந்தால் வரட்டும் என்றான். கதைக்குள்ளும் காரணம் வைத்திருந்தான்: சாகக் கிடந்த நண்பனைப் பார்த்த மந்திரவாதி, ஊர்க் கோயில் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டானாம். நடத்தும் பையனும் ஒப்புக்கொண்டான். சிறப்புத் தொழில்களை அனுமதிப்பதும் மறுப்பதும் ஆட்டத்தை நடத்துபவர் விருப்பம் என்று அந்தப் புத்தகமே சொல்கிறது.

2014 பதிப்பில் இந்தக் காத்திருப்பைப் பெருமளவு எடுத்துவிட்டார்கள். பெரும்பாலான தொழில்களுக்கு மூன்றாம் நிலையிலேயே கிளை பிரிந்துவிடுகிறது. 2024 திருத்தத்தில் எல்லாத் தொழிலுக்கும் அப்படியே. பிளஸ் ஒன்னில் குரூப் எடுப்பது போல. எளிதுதான். ஆனால் வழியில் மூன்று நிலை பூசாரியாக இருந்து பார்க்கும் வாய்ப்பு அதில் இல்லை என்று பேரன் குறைப்படுகிறான்.

உங்கள் வீட்டிலும் பேரப்பிள்ளைகள் எந்தக் குரூப், எந்தக் கோர்ஸ் என்று குழம்பிக்கொண்டிருக்கலாம். பத்து வருஷம் கழித்து என்ன ஆவாய் என்று எல்லாரும் கேட்டுவிடுகிறார்கள். முதல் வருஷமே இது யாருக்கு உதவும், உன்னோடு யார் இருக்கிறார்கள் என்று நாம் கேட்டுப் பார்க்கலாம்.

அக்கவுண்ட் டெஸ்ட் எழுதிய கதை தனியாகச் சொல்ல வேண்டியது. அடுத்த பதிவில் எழுதுகிறேன்.